தண்ணீர் குடிக்காமல் ஏறிய மலை

மலைதான் அவளைக் கெடுத்துவிட்டது என்று எங்கள் கம்பெனியில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். ராத்திரி நேரத்தில் மலை ஏறினாளே, காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஒரு கூட்டம். பொம்பளைக்கு எதற்கு இந்த ஓட்டமும் ஆட்டமும் என்று இன்னொரு கூட்டம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அந்த ராத்திரி முழுக்க அவள் பக்கத்தில் நடந்தவள் நான். மலை அவளை ஒன்றும் செய்யவில்லை. அவள் தண்ணீர் குடிக்கவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஏறி இறங்கியவள், ஆரம்பத்தில் அரை பாட்டில் குடித்ததோடு சரி. ஏன் குடிக்கவில்லை என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். கேட்டால் பதில் அசிங்கமாக இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் செக்கிங்கில், அவள் காலர் தைக்கும் மிஷினில். நான் ஆவடி, அவள் திருநின்றவூர். காலை ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், ‘அக்கா, அக்கா’ என்று வாய் ஓயாது. புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், ஆனால் வாயைத் திறந்தால் நக்கல்தான்.

எங்கள் ஃப்ளோரில் மிஷின் வரிசைக்கு, லைன் என்போம், ஒரு பாத்ரூம் அட்டை உண்டு. சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும். போகிறவள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், அது திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். சூப்பர்வைசர் ஆண்பிள்ளை. இரண்டாவது தடவை கை நீட்டினால் போதும், லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி, “இன்னாம்மா, மறுபடியுமா?” என்பான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். காலையில் ஒரு டீ, மதியம் சோற்றுக்கு இரண்டு மடக்கு, அப்புறம் வீட்டுக்குப் போய்த்தான். எனக்குச் சர்க்கரை. மணிக்கு ஒரு தரம் போயே ஆக வேண்டும். அட்டையைக் கல்யாண மாலை மாதிரி நாள் பூராவும் போட்டுக்கொண்டு திரிவேன். அவன் ஏதாவது சொன்னால், “ஏன், உங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கு வராதா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வேன். அவளோ அந்த அட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

“எனக்கு அதெல்லாம் தேவப்படாதுக்கா. காலைல போனா நைட்டுதான்” என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு.

வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் பெண் தொழிலாளர்களின் ஆரோக்கியம் என்று ஏதோ கேட்டிருக்கிறார்கள் போல. ஒரு நாள் எச்.ஆர். மேடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு மலை, சனிக்கிழமை பொழுது சாய ஆரம்பித்து ராத்திரி முழுக்க நடையும் ஓட்டமும், இரண்டிரண்டு பேராக ஜோடி, ஞாயிறு காலை பத்து மணிக்குள் முடித்தால் மெடல், நம் கம்பெனி சார்பாக ஒரு பெண்கள் ஜோடியாவது போக வேண்டும் என்றார். ஃப்ளோரே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

“உனக்கு இன்னாடி பைத்தியமா?” என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

“இல்லக்கா, மேடம்கிட்ட கேட்டேன். முடிக்கிற எடத்துல மைக்ல பேரு சொல்லிக் கூப்புடுவாங்களாம். எட்டு வருஷமா இங்க என்னை மிஷின் நம்பர சொல்லித்தான் கூப்புடுறாங்க. ஊட்டுல ஏய்னுவாரு. ஒரு வாட்டி மைக்ல எம் பேர கேட்டுட்டா போதும்.”

நான் வராவிட்டால் புருஷன் விட மாட்டான் என்று ஒரே நச்சரிப்பு. அவன் கேட்டதும் சொன்னானாம், “நீ எங்க ஏறப் போற? பாதில ஆம்புலன்ஸ்லதான் வருவ” என்று. என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “போய்ட்டு வா, எனக்கும் ஒரு ராத்திரி நிம்மதி” என்றார். சரி, போவது என்று முடிவாயிற்று.

எங்கள் பக்கத்தில் மலை ஏது? பார்க்கிற இடமெல்லாம் தட்டையாகக் கிடக்கும். வேலை முடிந்ததும் அம்பத்தூர் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் ஏறி இறங்குவோம். ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் ஏரிக்கரையில் நடையும் ஓட்டமும். ஸ்டேஷனில் சுண்டல் விற்கிறவன் நாலு நாள் எங்களைப் பார்த்துவிட்டு, “இன்னா மேடம், இன்னாத்த தொலச்சிட்டீங்க? நானும் வேணா தேடட்டா?” என்றான். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை ஏறினாள். எனக்கு மூச்சு வாங்கும், அவளுக்கு வாங்காது. எட்டு வருஷம் மிஷின் மிதித்த கால், அது கால் இல்லை, கட்டை. மெட்ராஸ் வெயிலில் அவ்வளவு ஓடியும் தண்ணீர் பாட்டில் கொண்டுவர மாட்டாள். என்னுடையதை நீட்டினால் கட்டை விரலளவு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். திட்டுவேன். “பழக்கமாயிடிச்சிக்கா” என்பாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் கம்பெனி வேனில் கிளம்பினோம். வழியில் ஓட்டலில் நிறுத்தினார்கள். நான் இறங்கினேன், அவள் இறங்கவில்லை. மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம்தான் ஆரம்பமும் முடிவும். நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு நம்பர், நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு விளக்கு, ஆளுக்கு இரண்டு பாட்டில். வழியில் அங்கங்கே முகாம் இருக்கும், ஜோடி சேர்ந்துதான் வர வேண்டும், ஒருத்தர் நின்றால் இரண்டு பேரும் நின்ற மாதிரி என்றார்கள். ஒவ்வொரு முகாமிலும் பாட்டிலைப் பார்ப்பார்கள். தண்ணீர் குறையாமல் கொண்டுவந்தால் உட்கார வைத்துக் குடிக்க வைப்பார்களாம். நல்ல ஏற்பாடுதான். நான் இப்போதும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் ஏற்றம் நன்றாகவே போயிற்று. பாறையும் புதருமாக ஒற்றையடிப் பாதை, மேலே பார்த்தால் முன்னால் போகிறவர்களின் விளக்கு வரிசை. பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், விலை உயர்ந்த ஷூவும் அரை டவுசருமாக எங்களைத் தாண்டி ஓடினார்கள். கொஞ்ச தூரத்தில் அவர்களே பாறையில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சுடிதாரையும் சாதாரண ஷூவையும் பார்த்த ஒருத்தன் எழுந்து வழி விட்டான். “பாத்தியாக்கா?” என்று அவள் என்னைக் கிள்ளினாள். முதல் முகாமில் அவள் அரை பாட்டில் தண்ணீர் குடித்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டாவது முகாமில்தான் எல்லாம் மாறிப்போனது. அங்கே பாத்ரூமுக்கென்று ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். மெல்லிய துணி. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு பெண் நெற்றி விளக்கோடு உள்ளே போனாள். போய் விளக்கைக் கழற்றி எங்கேயோ மாட்டியிருப்பாள். அவ்வளவுதான், அவள் நிழல் துணியில் பெரிதாக விழுந்தது. அவள் குனிந்தது, அவிழ்த்தது, உட்கார்ந்தது எல்லாம் சினிமாப் படம் மாதிரி தெரிகிறது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பையன்கள் பார்த்தார்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கினான். இன்னொருத்தன் அவன் கையைத் தட்டிவிட்டான், ஆனால் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டான். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பக்கம் முழுக்க அடங்கிப்போனது. “உங்கம்மாவ போய் எடுங்கடா நாய்ங்களா!” என்று கத்தினேன். அந்தப் பெண் வெளியே வந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

“நீ போடி. விளக்க அணைச்சிட்டுப் போ, நான் வாசல்ல நிக்கறேன்” என்றேன்.

“இருட்டுல பூச்சி பொட்டு இருக்கும்க்கா. எனக்கு வரல” என்றாள்.

நான் விளக்கை அணைத்துவிட்டுப் போய் வந்தேன். எனக்கென்ன, ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்பார்கள், நான் இரண்டையும் அடக்குவதில்லை.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரம் ஆனதும் அவள் எனக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். அதுவரை முன்னால் போய்க்கொண்டிருந்தவள். கால் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த முகாமின் வெளிச்சம் மேலே தெரிந்தது. எனக்குப் பின்னால் சளசளவென்று ஒரு சத்தம். திரும்பினேன். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துப் புதரில் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஒன்றை ஊற்றி முடித்து இரண்டாவதன் மூடியைத் திறக்கிறாள்.

“இன்னாடி பண்ற?”

“மூஞ்சி கழுவினேங்க்கா.”

“யார் காதுல பூ சுத்தற? ரெண்டு பாட்டில்லயும் மூஞ்சி கழுவுனியா?”

எனக்குப் புரிந்துவிட்டது. முகாமில் பாட்டிலைப் பார்ப்பார்கள், காலியாக இருந்தால் குடித்துவிட்டாள் என்று நினைப்பார்கள். சாப்பிடாத பிள்ளை டிபன் பாக்ஸைக் கொட்டிவிட்டு வருகிற மாதிரி வேலை. அந்த இருட்டில் நின்று அவளைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். என் பாட்டிலை அவள் வாயில் வைத்தேன். ஒரு வாய் வாங்கி, நான் திரும்பியதும் துப்பினாள். அதுவும் கேட்டது.

கடைசியில் கெஞ்சினேன். ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், என் துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, “உக்காருடி, எவன் வரான்னு நான் பாத்துக்கறேன்” என்றேன். உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து நாலைந்து விளக்குகள் பேச்சும் சிரிப்புமாக ஏறி வந்தன. வெளிச்சம் பாறைமேல் பட்டு ஆடியது. படக்கென்று எழுந்து நாடாவைக் கட்டிக்கொண்டாள்.

“வேணாங்க்கா. முடிச்சிட்டு, மைக்ல பேர கேட்டுட்டு, அப்புறம் நீ எவ்ளோ ஊத்தினாலும் குடிக்கறேன். இப்ப குடிச்சா வரும்க்கா. வந்தா எங்க போறது?”

அவள் குரல் உடைந்திருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, அதனால் அவள்மேலேயே பட்டேன்.

மூன்றாவது முகாமில் நான் விடவில்லை. அங்கே இருந்த ஒரு தொண்டரிடம் நேராகப் போய், “தம்பி, இவ தண்ணியே குடிக்கல, ஒண்ணுக்கும் போவல, பாத்துக்க” என்றேன். பையன் நல்ல பையன்தான், என்ன, இருபத்தைந்து வயதிருக்கும். கையில் இருந்த விளக்கை அவள் முகத்தில் அடித்து, “மேடம், யூரின் போனீங்களா?” என்று சத்தமாகக் கேட்டான். சுற்றி இருபது பேர். அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

“போனேன் தம்பி, ரெண்டு வாட்டி. அக்காவுக்குத் தூக்கக் கலக்கம்.” காலி பாட்டில்களை ஆட்டிக் காட்டினாள்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தான். பளார் என்று ஒன்று விடலாமா என்றிருந்தது எனக்கு. அவனுக்கா இவளுக்கா என்று கேட்டால் இரண்டு பேருக்கும்தான்.

அதற்குப் பிறகு நீண்ட இறக்கம், மறுபடி ஒரு ஏற்றம். ஏற்றத்தில் அவள் தொடை பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். இடுப்புப் பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை எடுத்தாள். எங்கள் ஃப்ளோரில் எல்லாப் பெண்களிடமும் அது இருக்கும், இடுப்பு வலிக்கும் முதுகு வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்குவது. மிஷினை நிறுத்தாமல் வாயில் போட்டு எச்சிலோடு விழுங்கிவிடுவார்கள். அவளும் அப்படியே விழுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. “தண்ணி குடிச்சிட்டுப் போடுடி” என்றேன். என் தொண்டையும் கட்டிப்போயிருந்தது. நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியாது.

விடிந்தது. கீழே பள்ளிக்கூடக் கட்டடம் தெரிந்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ, கடைசி இறக்கத்தை ஓடியே கடந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். உதடு வெடித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மைதானத்துக்குள் நுழைந்ததும் மைக்கில் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொன்னார்கள். அவள் பெயரை முதலில் சொன்னார்கள். நின்றுவிட்டாள். இன்னும் பத்தடி இருக்கிறது கோட்டைத் தாண்ட, அப்படியே நின்று அழுகிறாள். “வாடி, அப்புறம் அழு” என்று இழுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு கோபத்திலும் எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்வானேன்.

மெடல் போட்டார்கள். எச்.ஆர். மேடம் போட்டோ எடுத்தார். ஒரு இளநீர் குடித்தாள். பள்ளிக்கூடத்தில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள பாத்ரூம் இருந்தது, போய் வந்தாள். அப்பாடா, போய்விட்டாள், இனி பிரச்சனை இல்லை என்று நான் வேனில் ஏறித் தூங்கிவிட்டேன். வந்தது கொஞ்சம்தான், அதுவும் கடுங்காப்பி நிறத்தில் வந்தது என்று என்னிடம் அப்போது சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை மெடலை டிபன் பையில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்று ஃப்ளோரில் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மதியம் பார்த்தால் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். விரலெல்லாம் உப்பியிருக்கிறது. வாந்தி எடுத்தாள். புருஷனுக்கு போன் போட்டு வரவழைத்து, எஸ்டேட் பக்கத்திலேயே ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். சின்ன ரூம். டாக்டர், கம்பவுண்டர், புருஷன், ஸ்டூலில் அடுத்து உட்கார்ந்திருக்கிற இரண்டு ஆண்கள்.

“யூரின் எல்லாம் நார்மலா போகுதாம்மா?” என்றார் டாக்டர்.

“போவுது சார்.”

“ஏய், ஒழுங்கா சொல்லு” என்றேன்.

“போவுதுக்கா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

மலை ஏறிய அசதி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார். அவர் கேட்டார், இவள் சொன்னாள், அவரைச் சொல்லி என்ன பயன்? சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்.

புதன்கிழமை ராத்திரி அவள் புருஷன் போன் செய்தான். நக்கலெல்லாம் போய்விட்டிருந்தது. “அக்கா, மூஞ்சி ஊதி கீதுக்கா. மூச்சு உட முடியல. ஆளே தெரில. வாக்கா” என்றான். அவன் ஆட்டோவிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, திரையை இழுத்துவிட்டு, குனிந்து மெதுவாகக் கேட்டாள், கடைசியாக எப்போது போனீர்கள் என்று. இவள் புருஷனைப் பார்த்தாள். அவனை வெளியே போகச் சொன்னேன்.

“சொல்லுடி” என்றேன். “இப்பவாவது சொல்லித் தொலைடி.”

“ஞாயித்துக்கெழம காலைல போனதுதான் டாக்டர்” என்றாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் யாருக்கோ போன் செய்தாள். அன்று ராத்திரியே கழுத்தில் குழாய் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, கிட்னி இரண்டும் நின்றுவிட்டது என்றார்கள். தண்ணீரில்லாமல் உடம்பு காய்ந்த நேரத்தில் சதை கரைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது, அதன்மேல் வலி மாத்திரை வேறு. மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்காமலும் போகலாம். மூத்திரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் அடையாளம் என்றார்கள்.

இப்படித்தான் அது ஊருக்கே கேள்வியாகிப்போனது. கட்டிலுக்கடியில் அளவு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி. காலையில் பெரிய டாக்டர் பத்துப் பதினைந்து படிக்கிற பிள்ளைகளோடு வந்து நின்று, “யூரின் வந்துச்சா?” என்பார். நர்ஸ் கேட்பாள். ஆயா கேட்பாள். புருஷன் ஆட்டோவை ஓரங்கட்டி போன் போட்டு, பின்னால் சவாரி உட்கார்ந்திருப்பதுகூட நினைப்பில்லாமல், “இன்னாச்சி, வந்துச்சா?” என்று கத்துவான். பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வருகிற ஆண்கள்கூடக் கேட்டார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நான்தான் எல்லோருக்கும் “இன்னும் இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் எங்கள் சூப்பர்வைசர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். கட்டில் ஓரமாக நின்று, பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டு, “இன்னாம்மா, யூரின் வந்துச்சா?” என்றான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “மறுபடியுமான்னு கேட்ட அதே வாயிதானே இது?” என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ஹார்லிக்ஸை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீருக்குக் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். வெளியே போகாத உடம்பில் உள்ளே போவதெல்லாம் நுரையீரலில் போய் நிற்குமாம். ஒரு நாளைக்குச் சின்ன பாட்டிலில் பாதி, மாத்திரைக்கும் சேர்த்து. சித்திரை வெயில், மேலே ஃபேன் அனல் காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் யாராவது தண்ணீர் குடித்தால் அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பேன். சப்பிவிடுவாள்.

“ஒரு மடக்குக்கா. சிஸ்டர் பாக்கல” என்பாள்.

“இல்லடி தங்கம்.”

மலையில் வாயைத் திறந்து ஊற்றப்போன அதே கையால் பாட்டிலை எடுத்து அவள் பார்வைக்கு எட்டாத இடத்தில் வைப்பேன். வராந்தாவில் போய் நின்று, என் தாகத்துக்குக் குடிக்கவும் பிடிக்காமல் திரும்பி வருவேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரம். வார்டு நிறைய ஜனம், ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாக. நான் வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவள் குரல்.

“அக்கா! வந்துச்சுக்கா!”

கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் குழாய் தொங்குகிறது. ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறாள், மூடவுமில்லை, மறைக்கவுமில்லை. அத்தனை ஆம்பிளைகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “வந்துச்சு, பாருங்க, வந்துச்சு” என்று வார்டு முழுக்கக் காட்டுகிறாள். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் கைகூடத் தட்டினான். நான் ஓடிப்போய் அவள் தலையைக் கட்டிக்கொண்டேன்.

நர்ஸ் வந்தாள். ஜாடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஈரம் மாதிரி கொஞ்சம், முதல் கோட்டைக்கூடத் தொடவில்லை.

“இது பத்தாதும்மா” என்றாள். “நாளைக்கும் டயாலிசிஸ் உண்டு.”

அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சிஸ்டர், இன்னும் வரும் சிஸ்டர். தண்ணி குடுங்க, குடிச்சா வரும். எவ்ளோ வேணா குடிக்கறேன். எத்தினி வாட்டி வேணா போறேன்.”

“இப்போ குடிக்கக் கூடாதும்மா” என்றாள் நர்ஸ்.